கோடரி புதைக்கும் நாள்

மதியம் 2.40. பகையைப் புதைக்க வைத்திருந்த கைக்கோடரி ஹோரஸ் டன்னலின் பிடரியில் புதைந்திருந்தது.

நீதிமன்றத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், சின்னக் கட்சியின் தலைவர் குப்புறக் கிடந்தார். விழும்போது எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்க வேண்டும். சடங்குக்கான பெட்டி கவிழ்ந்து, கடற்கரையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மணல் தரையெங்கும் சிதறியிருந்தது. ரத்தத்தைக் குடித்த இடம் மட்டும் சிவப்பு. ஒரு வெட்டோடு நிற்கவில்லை, மூன்று.

டிடெக்டிவ் ஏர்லீன் ட்ரூயிட் கையிலிருந்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சைப் பார்த்தாள். பாதிதான் தின்றிருந்தாள். ஊர் மெச்சும் தன் மூளை, வயிறு காய்ந்தால் வேலைநிறுத்தம் செய்யும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். மிச்சத்தைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு குனிந்தாள். சாகாத முழங்கால்கள்தான் செத்தவரைவிட அதிகமாக முனகின.

டெலவேரில் தேர்தல் என்பது முடிவு தெரிந்த பந்தயம். பெரிய கட்சி ஜெயிக்கும். சின்னக் கட்சி கைதட்டும். வாஷிங்டன் சபையில் மாநிலத்துக்கு இருக்கும் ஒரே நாற்காலியில் க்ளே மார்வெல் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் தோற்பதைக் கோழிப்பண்ணைக்காரர் லெஸ்டர் வில்கஸ் வழக்கமாகவே வைத்திருந்தார். தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் இருவரும் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலம் போவார்கள்: ஜெயித்தவர் குதிரைகளைப் பார்த்தபடி, தோற்றவர் எதிர் இருக்கையில் வந்த வழியைப் பார்த்தபடி. பிறகு கட்சித் தலைவர்கள் கோடரியை மணலில் புதைப்பார்கள். அதற்கு முன்னால் ஊரே மாட்டிறைச்சி தின்னும். இந்த வருடமும் மாட்டிறைச்சி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

3.05. உள்ளூர் போலீஸ் கேப்டன் டானவே அதற்குள் கொலையாளியைப் பிடித்துவிட்டார். லெஸ்டரின் மனைவி நார்மா விலங்கோடு தரையில் அழுத்தப்பட்டிருந்தாள். உதடு கிழிந்திருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பாட்டில் பறந்து வந்து அவள் தோளில் பட்டு உடைந்தது.

"எழுப்புங்க அவளை!" என்று கத்தினாள் ஏர்லீன். "இன்னொரு பாட்டில் வந்தா எறிஞ்சவன் வாயிலயே திணிப்பேன்."

கேப்டன் ரத்தம் தோய்ந்த ஏப்ரனைத் தூக்கிக் காட்டினார். "கொட்டகைப் பின்கதவுகிட்ட இருந்துச்சு. இவளோடதுதான்."

"என்னுதுதான்," என்றாள் நார்மா. "கறி வெட்டி முடிச்சு அந்தப் பின்கதவு ஆணியில மாட்டினேன். வெந்த கறிய்யா அது. வெந்த கறி இப்படிப் பீச்சி அடிக்குமா?"

"முந்தாநாள் ஹோரஸை வெட்டிப்போடுவேன்னு கத்தலையா நீ?"

"கத்தினேன். என் புருஷனை அஞ்சு தடவை பலியாடா நிறுத்தினவனைக் கொஞ்சச் சொல்றியா?"

வண்டியில் போனவர்கள்மேல் கேப்டனுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குக் காரணம் மார்வெல். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் கேப்டனிடம் சொன்னதையே ஏர்லீனிடமும் சொன்னார்.

"நாங்க கிளம்பும்போது ஹோரஸ் உயிரோட இருந்தார்மா. கொட்டகை முன்வாசல்ல நின்னு கையாட்டினார். வண்டி சர்ச் முனை திரும்புற வரைக்கும் கண்ணெடுக்காம பார்த்தேன். சின்னதாகிக்கிட்டே போனார், பாவம். லெஸ்டரையும் சந்தேகப்படாதீங்க. என் எதிர்லயே உக்காந்திருந்தான்."

எதிரிக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லும் பெருந்தன்மை! கூட்டத்தில் யாரோ மூக்கு சிந்தினார்கள்.

லெஸ்டர் தொப்பியைக் கசக்கினார். "கொட்டகை முன்கதவு சாத்தியே இருந்துச்சும்மா. நான்தான் முதல்ல வந்து உக்காந்தேன். தோத்தவன் சீக்கிரம் வந்தா ரொம்பப் பேரு பாக்க மாட்டாங்க பாருங்க. இவரு கடைசியா மூச்சு வாங்க ஓடி வந்து ஏறினாரு. அப்பவும் கதவு சாத்தித்தான் இருந்துச்சு."

"பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றான்," என்றார் கேப்டன். "இவளை ஜீப்ல ஏத்துங்க."

"ரெண்டு நிமிஷம்," என்றாள் ஏர்லீன்.

வண்டி மரத்தடியில் நின்றது. முழங்கால்களைத் திட்டிக்கொண்டே ஏறி, மார்வெலின் இருக்கையில் அமர்ந்து பார்த்தாள். மக்கள் பிரதிநிதியின் தொலைநோக்கு என்பது இரண்டு குதிரைகளின் பின்புறம் என்று தெரிந்தது. வண்டியின் தரையைப் பார்த்தாள். பிறகு சாண்ட்விச்சை எடுத்து, மெல்லக் கடித்து முடித்தாள்.

3.30. "மார்வெல் ஐயா, ஹோரஸ் சின்னதாகிக்கிட்டே போனார்னு சொன்னீங்க."

"ஆமா."

"நாம பின்னால விட்டுட்டுப் போற ஆளுதான் சின்னதாகும். கொட்டகை வண்டிக்குப் பின்னால. நீங்க பார்த்தது குதிரையை. அந்தக் காட்சி தெரியற இருக்கை லெஸ்டரோடது. பதினாறு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட உக்காராதது."

மார்வெல் சிரித்தார். "திரும்பிப் பார்த்தேன்மா."

"மூணு டிவி கேமரா உங்க முகத்தையே பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு. திரும்பினீங்களான்னு போட்டுப் பார்த்துடலாமா? பின்கதவு வழியா போனீங்க. ஏப்ரனை மாட்டிக்கிட்டு வெட்டினீங்க. ஏப்ரன் முழங்கால் வரைக்கும்தான். உங்க காலடியில, வண்டித் தரையில வெள்ளை மணல் கிடக்கு. அந்த பேன்ட் மடிப்பை விரிச்சுக் காட்டுங்க."

அவர் காட்டவில்லை. கறி மேசையிலிருந்த நீளக் கத்தியைப் பாய்ந்து எடுத்தார். முதல் வீச்சு ஏர்லீனின் முன்கையைப் பிளந்தது. இரண்டாவது அவள் கழுத்துக்கு வந்தது. வந்து சேரவில்லை. தினமும் கோழிக் கழுத்துகளைத் திருகும் கை ஒன்று நடுவில் புகுந்து அந்த மணிக்கட்டைத் திருகியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மார்வெல் அலறிக்கொண்டு விழுந்தார். அவர் பேன்ட் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. கொஞ்சம் வெள்ளை. கொஞ்சம் சிவப்பு.

"மன்னிச்சுக்கோ க்ளே," என்றார் லெஸ்டர், பழக்கதோஷத்தில்.

வலியில் உண்மையெல்லாம் வெளியே வந்தது. வாய் திறக்காத வேட்பாளராக லெஸ்டரையே ஒவ்வொரு முறையும் நிறுத்துவதாக ஹோரஸோடு ஒப்பந்தம். பதிலுக்கு ஹோரஸின் மகனுக்கு நீதிபதி பதவி. அது வரவே இல்லை. கோடரி புதைக்கும் மேடையிலேயே அதைப் போட்டு உடைக்கப்போவதாக ஹோரஸ் இன்று மிரட்டியிருக்கிறார்.

கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த ஏர்லீனுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "யார் நின்னாலும் நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க? எதுக்கு இந்தக் கூத்து?"

மார்வெல், முறிந்த கையைப் பிடித்தபடி, கேமராக்கள் எந்தப் பக்கம் என்று தேடினார்.

கேப்டன் தரையைப் பார்த்தபடி விலங்கைக் கழற்றினார். நார்மா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, கிழிந்த உதட்டோடு, ஊர் பார்க்க அந்த வண்டியில் ஏறி ஜெயித்தவர் இருக்கையில் சட்டமாக உட்கார்ந்தாள். லெஸ்டர் ஏறி, வழக்கம்போல எதிரில் அமர்ந்தார்.

"இன்னிக்காவது முன்னாடி பாத்து உக்காரலாமே," என்றாள் ஏர்லீன். "அவங்க பக்கத்துல இடம் இருக்கே."

"வேணாம்மா," என்றார் லெஸ்டர், மனைவியைப் பார்த்தபடியே. "அஞ்சு ஊர்வலத்துல இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் பாக்க ஏதோ இருக்கு."