முப்பத்தொன்று பாதை கேட்கிறது

ஹால்வர் கட்ட வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று எழுபது குரோனர். லாரியைக் கிளப்பும்போதெல்லாம் திரையின் அடியில் அந்த எண் வந்து நிற்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இன்று அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'பாதை கேட்பது: ஒரு வண்டி.'

கேட்பதற்கு அவனுக்குப் பின்னால் யாருமில்லை.

மலைமேல் பனிப்புயல். மதியம் இரண்டு மணிதான், ஆனால் இந்த மாதத்தில் இங்கே சூரியன் வருவதே கிடையாது. கணவாயின் தடுப்புக்கட்டைக்கு முன் ஆறு வண்டிகள் இருட்டில் உறுமிக்கொண்டு நின்றன. பனி தள்ளும் வண்டி முன்னால் போகும், மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, இறங்கக் கூடாது. பனிவண்டி ஓட்டும் குன்வோர் கைவிளக்கோடு ஒவ்வொரு கதவாகத் தட்டி எண்ணிக்கொண்டு வந்தாள்.

"ஆறு. நீதான் கடைசி. மீன் ஏத்திருக்கியா? நாத்தம் என் வண்டி வரைக்கும் வருது."

"உன் காப்பிக்கு இது தேவலாம்."

அவள் விளக்கு முன்கண்ணாடியின் உச்சிக்குப் போனது. "அந்தப் பட்டைய இன்னும் பிய்க்கலையா நீ?"

"நான் கொட்டாவி விடுறதெல்லாம் அவங்க ஆபீஸ்ல உக்காந்து பாக்கணுமா?"

அவள் சிரிக்கவில்லை. விளக்கைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராப் பெட்டிக்கு இரண்டு கண். ஒன்று பாதையைப் பார்க்கும், ஒன்று ஓட்டுபவன் முகத்தை. முகம் பார்க்கிற கண்ணில் ஒரு துண்டு ஒட்டிக்கொள்வது எல்லா ஓட்டுநர்களும் செய்வதுதான். ஹால்வர் அன்று இருந்த சலிப்பில் கறுப்பு ஒட்டுப்பட்டையைப் பெட்டியைச் சுற்றியே ஒட்டி இரண்டு கண்ணையும் மூடிவிட்டான். அதனால் வந்த கடன் இது. முன்னால் போகிற வண்டி தான் கண்ட பாதையைக் கொஞ்ச நேரம் தன்னிடம் வைத்திருக்கும். பின்னால் வருவது கேட்டால் கொடுக்கும். புயலுக்குள் கண்ணாடி வெளுத்துப் போனாலும் திரையில் பாதை தெரியும். மற்ற வண்டிகளிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பக் கொடுக்காதவன் பேரில் கம்பெனி கணக்கு எழுதும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் இதே கணவாயில் அவனுக்குப் பின்னால் முப்பத்தொன்றாம் எண் லாரி வந்தது. ஓட்டியவன் ஆர்ன்ஃபின். அது கேட்டபோது ஹால்வரின் பெட்டியில் கொடுப்பதற்கு இருட்டுதான் இருந்தது. கணவாயின் அந்தப் பக்கத்துத் தடுப்புக்கட்டையில் எண்ணியபோது ஒரு வண்டி குறைந்தது. பனி உருகிய பிறகும் கிடைக்கவில்லை. கீழே ஏரி, ஆழம் அதிகம். விசாரிக்க வந்தவர்கள் புயல் என்று எழுதிக்கொண்டார்கள். பட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது பிய்த்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஹால்வரும் பிய்க்கவில்லை.

தடுப்புக்கட்டை உயர்ந்தது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகள் இரண்டும் பனிக்குள் மங்கி, எரிந்து, மறுபடி மங்கின. சக்கரத்தில் பதித்த ஆணிகள் உறைபனியில் கறகறவென்று அரைக்கும் சத்தம், லாரியின் பின்பக்கம் மீன் கூடைகள் உரசும் சத்தம், ஈரக் கம்பளிச் சட்டையின் வாடை, காற்று பக்கவாட்டில் வந்து லாரியைத் தோளால் இடித்துப் பார்ப்பதுபோல் ஒரு அசைவு. எல்லாம் எப்போதும் போலத்தான். திரையைப் பார்க்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு பார்த்தான்.

'பாதை கேட்பது: முப்பத்தொன்று. தூரம்: தொண்ணூறு மீட்டர்.'

வாக்கி-டாக்கியை எடுத்தான். "குன்வோர், எனக்குப் பின்னால யாராவது வந்து சேந்துக்கிட்டாங்களா?"

"எண்ணிட்டுத்தானே கெளம்பினேன். கட்டையப் பூட்டியாச்சு. உனக்குப் பின்னால காத்துதான் வருது."

பக்கக் கண்ணாடியில் இருட்டு மட்டும். விளக்கு எதுவும் இல்லை.

அறுபது மீட்டர்.

இப்போது மீன் வாடைக்கு மேலே இன்னொரு வாடை ஏறியது. குளிர்ந்த, பழைய, அடிமட்டத்துத் தண்ணீர் வாடை.

முப்பது.

முன்னால் இருந்த சிவப்பு விளக்குகள் மங்கின. திரும்ப எரியவில்லை. திரையில் பாதையும் போய்விட்டது. கண்ணாடியிலும் வெள்ளை, திரையிலும் வெள்ளை. அந்த ஒரு வரி மட்டும் நின்றது. கேட்கிறது. கேட்கிறது.

பத்து.

"குடுத்துடறேன்" என்று சத்தமாகச் சொன்னான். கையுறையைக் கழற்றிப் பட்டையில் நகத்தை மாட்டி இழுத்தான். இரண்டு வருஷத்துப் பசை. கிழிந்து வந்தது.

தூரம்: பூஜ்யம்.

திரை பளிச்சென்று எரிந்தது. தெளிவான பாதை. பனியே இல்லை. இரு பக்கமும், பாதையின் ஓரம் காட்ட நட்ட குச்சிகள் வரிசையாக. மூலையில் சின்னதாக, கொடுப்பது: முப்பத்தொன்று. இது வரக்கூடாத பாதை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நிற்கக் கூடாது. வேறு பாதையும் இல்லை. அதைப் பார்த்தே ஓட்டினான்.

"ஹால்வர், உன் விளக்கு தெரியலைங்கறாங்க முன்னாடி போறவங்க. எங்க இருக்க?"

"வரிசையிலதான். பாதை நல்லாத் தெரியுது."

"என்ன பாதை? இங்க எனக்கே ஒண்ணும் தெரியல. ஹால்வர், குச்சி தெரியுதா? கண்ணாடி வழியாப் பாரு. குச்சி தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தான். குச்சி இல்லை.

கறகறச் சத்தமும் இல்லை. எப்போது நின்றதோ. சக்கரங்களுக்கு அடியில் எதுவும் இல்லாத அமைதி. லாரியின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. கூடைகள் முன்பக்கம் சரிந்தன.

திரையில் பாதை மாறியது. ஒரு லாரிக் கூண்டின் உள்பக்கம். நீர்ப்பாசி. தொப்பி போட்ட ஒருவன், வீங்கிய முகத்தோடு, தன் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திரையில் ஹால்வரின் முகம், அதே மாதிரி குனிந்து.

ஆர்ன்ஃபின் தலை நிமிர்ந்தான்.

திரையின் அடியில் அந்த எண் மாறி நின்றது. கட்ட வேண்டியது: பூஜ்யம் குரோனர்.