கடைசி ஆளுக்குப் பின்னால்

மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த பழைய சோதனைச் சாவடி முன்னால் எங்கள் வேன் நின்றபோது காலை ஏழு மணி. சாவடியின் கூரையில் பாதி ஓடு இல்லை. உள்ளேயிருந்து ஈரச் சுவரின் வாடை வந்தது. வாசலில் இருபத்திரண்டு பேர் சைக்கிளோடு நின்று, ஒரே மாதிரி மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குக் கொடுத்த சட்டை ஒரு அளவு சின்னது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன்.

அக்கா நர்ஸ். பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை. அங்கே மூச்சுக்கருவி ஒன்றே ஒன்றுதான். போன மாதம் ஒரே நாளில் இரண்டு குழந்தைகளுக்கு அது தேவைப்பட்டது. அதற்கப்புறம் அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மலை உச்சி வரை சைக்கிளில் ஏறினால் இன்னொரு கருவி வாங்கப் பணம் தருகிறோம் என்று பலர் சொல்லியிருந்தார்கள். டூட்டிக்குப் போய் வருவதற்கு மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவள், யாரையும் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டாள்.

நான் கடைசி வேனில் இருந்தேன். ஓட்டியவர் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஊருக்கே பஞ்சர் அண்ணன். பின்னால் டியூப், பம்பு, கயிறு, தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி. கண்ணாடியைத் துடைப்பது, முன்னால் போகிறவரைக் கண்ணிலிருந்து விடாமல் பார்ப்பது, இரண்டும் என் வேலை.

விதி ஒன்றுதான். கடைசியாகப் போகிறவருக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி வேன் போக வேண்டும். முந்தக் கூடாது. அவசரப்படுத்தவும் கூடாது. போன தடவை யாரோ ஹார்ன் அடித்து ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டார்களாம். அதனால் இந்தத் தடவை ஹார்ன் ஒயரையே பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

கடைசி ஆள் யார் என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

“உங்க அக்கா போற வேகத்துக்கு, நத்தை வந்து வழி கேட்கும் பாப்பா,” என்றார் அண்ணன். நான் சிரித்தேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று என்னையும் ஒரு இடி இடித்தார். அக்காவின் சீட்டுக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் தோள் இடதும் வலதுமாக ஆடியது. இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று, குனிந்து மூச்சு வாங்கி, எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு மறுபடி ஏறினாள்.

பதினோராவது வளைவில் மூடுபனி இறங்கியது.

வெயில் இருந்த இடம் தெரியவில்லை. பாலில் பஞ்சை முக்கிக் கண்ணாடிமேல் அப்பினதுபோல எல்லாம் வெள்ளை. அண்ணன் முகப்பு விளக்கைப் போட்டார். வளைவில் தடுப்புச் சுவர் கொஞ்ச தூரம் இடிந்து கிடந்தது கண்ணில் பட்டது. அப்போது சிவப்பு விளக்கு காணாமல் போனது.

பத்து எண்ணும் நேரம் இருக்கும். மறுபடி தெரிந்தது. அதே ஐம்பது அடி.

“அப்பாடா,” என்றார் அண்ணன். அவர் பின்னாலேயே போனார்.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. அக்கா நிற்கவில்லை. குனியவில்லை. கட்டைவிரலைக் காட்டவில்லை. தண்ணீர் வைத்திருந்த இடத்தையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போனாள். நல்ல வேகம் பிடித்துவிட்டாள், வைராக்கியம் வந்துவிட்டது என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் ஏதோ சரியாகப் படவில்லை; கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

பதினாறாவது வளைவில் வாக்கி டாக்கி கரகரத்தது. உச்சியில் இருந்த டாக்டரம்மா, இருபத்தொரு பேர் வந்துசேர்ந்துவிட்டார்கள், உங்கள் ஆள் மட்டும்தான் பாக்கி என்றார். அப்படியென்றால் முன்னால் போவது அக்காதான். வேறு யாராகவும் இருக்க முடியாது.

நான் கண்ணாடியை இறக்கினேன். உள்ளே வந்த குளிரில் பழைய துருவும், நாள்பட்ட ஈரத் துணியும் சேர்ந்த வாடை.

டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அண்ணனின் முகம் மாறியது. இன்ஜினைத் தணித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். முப்பது வருஷமாகச் சைக்கிளோடு குடித்தனம் நடத்துகிறவர்.

“பாப்பா,” என்றார் மெதுவாக. “அது மிதிக்காம உருளும்போது பின்சக்கரத்துல வர்ற சத்தம். இறக்கத்துல வர்றது.”

எங்களுக்கு முன்னால் இருந்தது செங்குத்தான ஏற்றம்.

நான் கால்களைப் பார்த்தேன்.

அசையவில்லை.

இரண்டு பாதமும் மிதிகட்டையில் வைத்தது வைத்தபடி இருந்தன. தோள் ஆடவில்லை. மஞ்சள் சட்டை முதுகில் தொளதொளவென்று காற்றில் அடித்தது. காலையில் பொத்தான் போட முடியாமல் நான் திணறிய சட்டையில்லை அது.

“அது அக்கா இல்ல,” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. “விளக்கு காணாம போச்சே, அந்த வளைவு. அக்கா அங்க இருக்கா. திருப்புங்க.”

கடைசி ஆளை விட்டு வேன் திரும்பக் கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியும். ஒரு கணம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். அந்த ஒடுக்கமான பாதையில் நான்கு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி முடிப்பதற்குள் அவர் கழுத்து வேர்த்துவிட்டது.

வந்த வழியே கீழே போனோம். நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

சிவப்பு விளக்கு எங்கள் பின்னால் வந்தது.

அது சைக்கிளின் பின்விளக்கு. அப்படியென்றால் அதில் இருந்தவர் எங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

ஐம்பது அடி. நாற்பது.

“பாக்காத,” என்றார் அண்ணன்.

பதினோராவது வளைவுக்கு வந்தபோது விளக்கு இல்லை. அதற்காக எனக்குப் பயம் குறையவில்லை. அதிகமானது.

இடிந்த சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில், செடிகளுக்கு நடுவே மஞ்சளாகத் தெரிந்தது. அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். அக்காவின் வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. அவளை மேலே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டிவிட்டது.

“வேன் தாண்டிப் போறது கேட்டுச்சுடி,” என்றாள். “எவ்வளவு கத்தினேன் தெரியுமா. பக்கத்துல உக்காந்திருந்தவர்தான் கத்தாதன்னாரு. போயிடுச்சு, இனி வராது, என்னையும் இப்படித்தான் விட்டுட்டுப் போனாங்கன்னாரு.”

யாரும் இல்லையே என்றேன். அவள் பள்ளத்தைக் காட்டினாள். அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குச் செடி அமுங்கிக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

அக்காவை வேனின் பின்பக்கம் படுக்க வைத்தோம். அண்ணன் காலோடு சேர்த்துப் பம்பை வைத்துக் கட்டினார். ஆட்டம் கொடுக்காமல் பிடித்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளுடைய ஆஸ்பத்திரிக்கே வண்டியை விட்டார். நான் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மலை முடியும் இடத்தில் அக்கா முனகினாள்.

“கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதடி. வலிக்குது.”

என் இரண்டு கையும் அவள் காலில் இருந்தன.

அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தேன். தோல் நான்கு இடத்தில் வெளுத்து, உள்ளே குழிந்து இருந்தது. குழிகள் மெல்ல மெல்ல ஆழமாகின.

அண்ணன் முன்னாலிருந்து, வண்டியை நிறுத்தவா என்று கேட்டார்.

“நிறுத்தாதீங்கண்ணே,” என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நின்னா இறங்கிடலாம்னு சொல்றாரு. என்னையும் கூட்டிக்கிட்டு.”

அண்ணன் நிறுத்தவில்லை. இரண்டு சிக்னலை மதிக்காமல் போனார். சந்தையில் ஒருவர் எங்களைத் திட்டியது காதில் விழுந்தது. வெளியே நல்ல வெயில். ஆட்கள் நடந்துபோனார்கள். ஆனால் எந்த வண்டியும் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

வேன் நின்றது.

ஓடிவந்தவர்கள் இன்னும் படியில்தான் இருந்தார்கள். யாரும் தொடாமல், பின்கதவு திறந்துகொண்டது.

அக்காவின் இடது கை மெதுவாக எழுந்து, அந்தப் பக்கம் நீண்டது. பிறகு அவள் உடம்பே ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்ந்தது.

நான் காலை விடவில்லை.