குளிர் குறையாமல்

மூன்றாம் மாடிப் படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, எந்தக் குழாய் உடைந்து இப்படி ஒழுகுகிறது என்று குனிந்து தொட்ட மருந்துக்காரன் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். தண்ணீர் சில்லிட்டிருந்தது.

அவன் தோளில் ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டி. பஸ் டிரைவர் சம்சாரம், அந்த அக்காவுக்கு வாரம் ஒரு ஊசிமருந்து. சூடு ஏறினால் அந்த மருந்து செத்துவிடும்.

போன வாரம் ஏறிவிட்டது. வண்டி பஞ்சரான இடத்தில், பெட்டியை வெயிலில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. திருப்பிக் கொண்டுபோனால் மூன்றாவது தவறு, வேலை போய்விடும். பக்கத்துக் கடை ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி குளிரவைத்தான். வெப்பமானியின் பதிவை அழித்தான். கொண்டுவந்து கொடுத்தான்.

"பக்குவமா கொண்டாந்தியா, ஐஸ்பெட்டி?" என்று அக்கா வழக்கம்போல் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டினாள்.

"அண்ணன் ஓட்டுற பஸ்ஸைவிடப் பத்திரமா வந்திருக்குக்கா."

வீடே சிரித்தது. அதிலிருந்து ஏழு நாளாக அவனுக்குத் தூக்கமில்லை. அவள் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பார்த்துவிட்டால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தி, திரை இழுத்து, பகலிலேயே இருட்டு. எங்கோ மின்விசிறி இரைந்தது. ஈரச் சாக்கின் வாடை, மரத்தூள் வாடை, அவற்றுக்கு அடியில் திகட்டும் இனிப்பாய் இன்னொரு வாடை. அதற்குப் பெயர் வைக்க அவன் மனம் மறுத்தது.

டிரைவர் வந்தார். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர். கைகள் நனைந்து வெளுத்திருந்தன.

"வா தம்பி. பாத்து வா, வழுக்கும்."

"அக்கா எப்படிண்ணே இருக்காங்க?"

"உன் ஊசி கேட்டுருச்சுப்பா. போட்ட மறுநாளுலேருந்து வலின்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒரே தூக்கம்."

"சாப்பிட்டாங்களா?"

"தூங்குறவளை எப்படி எழுப்புறது? முந்தாநாள் உடம்பு ஒரு மாதிரி ஆச்சு. பயந்துட்டேன். அப்புறம்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"மருந்து தர்றப்பல்லாம் சொல்லுவியே, குளிர்லயே வச்சிருந்தா ஒண்ணும் கெடாதுன்னு."

உள்ளறைக் கதவை அவர் தள்ளினார்.

கட்டில். கட்டிலைச் சுற்றிச் சாக்கு. சாக்குக்குள் ஐஸ்பாளங்கள், கழுத்துவரை. சொட்டு. சொட்டு. தலையணையில் வாரிப் பின்னிய கூந்தல். முகம்.

பார்க்கக் கூடாதென்று நினைத்தான். பார்த்துவிட்டான்.

"எனக்குக் கை நடுங்குதுப்பா. இந்த வாரத்து ஊசியை நீயே போட்டு விடு."

"அண்ணே, போன வாரத்து மருந்து..."

"மெதுவா பேசு. எழுந்துடுவா."

"அது செத்த மருந்துண்ணே. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவள் காதில் விழுந்தது.

ஐஸ் மளுக்கென்று பிளந்தது. பிளவின் வழியே ஒரு கை வந்தது. நீலம். உள்பக்கம் மேலாகத் திரும்பியது. ஊசிக்கு நீட்டுவதுபோல் அவன் பக்கம் நீண்டது. அப்படியே நின்றது.