நிச்சயதார்த்தத் திடலில் தீ

"எங்க ஊட்டுக்காரரு பீடி குடிக்கவே மாட்டாருன்னு சொல்ல வரலீங்க ஐயா. பெத்த பொண்ணு நிக்கிற எடத்துல நெருப்பை வீசுவாரா?"

விழுப்புரத்தில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அப்பாதுரையின் வாசலில் நின்று கேட்டாள் சவுரியம்மாள். அழுது ஓய்ந்த குரல்.

முந்தின நாள் பிற்பகல், திண்டிவனத்துக்கு வெளியே ஒரு திடலில் சீனுவாசன் தன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடத்தினார். கார்களைக் காவல் காக்கப் போனவர்கள் சவுரியம்மாளின் கணவன் விருத்தாசலமும் மகள் பொன்னியும். திடலில் தீப்பிடித்தது. கார்களுக்கு நடுவே சிக்கிய பொன்னி உயிரோடு வரவில்லை. அவளை இழுக்கப் போய்க் கை வெந்த விருத்தாசலத்தை, தீ வைத்தவன் என்று போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

"மாமா, உடனே கிளம்பலாம்" என்றாள் ஜெயம். அப்பாதுரையின் அக்கா மகள். புதிதாகச் சட்டம் படித்து முடித்தவள். இப்படியொரு வழக்குக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

திடலில் கால் வைத்ததும் அந்த ஆவல் செத்தது. எங்கும் ரப்பர் கருகிய வாடை. சப்-இன்ஸ்பெக்டரோடு நின்றிருந்த சீனுவாசன் கை நீட்டிக் காட்டினார்.

"மேற்கால அந்தப் புங்கமரத்தடியில விருத்தாசலம் குந்திக்கினு பீடி குடிச்சான் சார். அங்கதான் பத்திக்கிச்சு. திடல்ல புல்லே கெடையாது, மொத நாளே ஒட்ட அறுத்தாச்சு."

அப்பாதுரை புங்கமரத்தைச் சுற்றி வந்தார். கார்கள் இருந்த கிழக்குப் பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தன. கார்களுக்கும் கிழக்கே இருந்த ஓலைப் பந்தலில் ஓர் ஓலைகூடக் கருகவில்லை. மரத்துக்கும் கார்களுக்கும் இடையில், சமையல்காரர்கள் கவிழ்த்து வைத்த பெரிய அண்டா ஒன்று கரிபிடித்துக் கிடந்தது.

ஜெயம் முதல் காரின் அடியில் தவழ்ந்து போனாள். "மாமா! சைலன்சர்ல கருகின புல்லு கத்தையா ஒட்டிக்கினு இருக்கு!"

"இது யார் கார்?" என்றார் அப்பாதுரை.

"என்னுது" என்றார் சீனுவாசன். "விழுப்புரத்துலேர்ந்து மாப்பிள்ளை வூட்டாரை ஏத்திக்கினு நிக்காம வந்தோம். வந்ததும் பத்திக்கிச்சு."

அப்பாதுரை அண்டாவைப் புரட்டினார். அடியில், தீ புகாத வட்டத்தில், முழங்கால் உயரக் காய்ந்த புல் மடங்கிக் கிடந்தது.

"இதுதானா நீங்க ஒட்ட அறுத்த புல்லு?"

சீனுவாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாதுரை சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "நேத்து கிழக்கேர்ந்து அடிச்சது கீழ்க்காத்து. பந்தல் தப்பிச்சதே அதனாலதான். மரத்தடியில பத்தியிருந்தா தீ மேற்கே போயிருக்கும், கார் பக்கம் வந்திருக்காது. இலை கருகினது கார் பக்கம். தீ கார்லேர்ந்துதான் மரத்துக்குப் போயிருக்கு. நெடுந்தூரம் ஓடி வந்த காரோட சைலன்சர் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதைக் காய்ஞ்ச புல்லு மேல கொண்டாந்து நிறுத்தினா வேற நெருப்பே வேணாம்."

சீனுவாசன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அறுத்துடலாங்கன்னு விருத்தாசலம் சொன்னான். விருந்தாளி வர்ற நேரத்துல ஆவாதுன்னு நான்தான் தடுத்தேன். சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு..."

"உங்க பொண்ணு கல்யாணம்" என்றார் அப்பாதுரை. பொன்னி சிக்கிய கார்களின் நடுவே கை காட்டினார்.

ஜெயம் திடலின் ஓரத்தில் காத்திருந்த சவுரியம்மாளிடம் ஓடினாள். "அம்மா, உங்க வீட்டுக்காரரை இன்னைக்கே விட்டுடுவாங்க!"

சவுரியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜல்தியா விடச் சொல்லும்மா. சர்ச்சு சாமியார் கல்லறைத் தோட்டத்துல காத்துக்கினு இருக்காரு. அப்பன் வராம பொண்ணை எப்படிப் பொதைக்கிறது?"

ஜெயம் சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பி ஓடினாள்.