அவகாசம் கொடுத்த ஆள்

சென்னைக்கு வரும் நெடுஞ்சாலையில் அந்த வருடம் கார்களைச் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. காருக்குள் இருந்த யாருக்கும் அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருத்தி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். எல்லோரும் சுங்கச்சாவடியில் காசு கட்டாமல் நழுவி, அபராதம் வாங்கி, அதைக் கட்டவும் அவகாசம் வாங்கியவர்கள். அபராதம் தீரும்வரை எஞ்சினுக்குள் இருக்கும் வேகமுடக்கி வண்டியை நடை வேகத்தைத் தாண்ட விடாது.

இந்த யோசனை சுங்கச் சாலை வாரியத் தலைவர் ஞானதிரவியத்துடையது. முன்பெல்லாம் அபராதம் கட்டாத வண்டி ஒரே வாரத்தில் நின்றுவிடும். தேர்தல் நேரத்தில் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊர்ந்து போங்கள் என்றார் இவர். மானமுள்ளவன் இரண்டாம் நாளே கட்டிவிடுவான் என்பது அவர் கணக்கு. அப்படி ஒருவனை அவர் எங்கே பார்த்தாரோ தெரியாது. கடைசி தேதி நெருங்கியதும் மறுபடி அவகாசம் கேட்டார்கள், மறுபடி கொடுத்தார், மாலை போட்டார்கள். ஒழுங்காகக் கட்டியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள். ஊர்ந்து போகும் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய இடது ஓரம் போதாமல் சாலை முழுக்க அவையே ஆயின. தலைவரின் காரில் மட்டும் வேகமுடக்கி கிடையாது. சட்டம் போட்டவருக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டில் ஒரு திறப்பு விழாவில் இருந்தபோது அவருக்குச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த சிறுநீரகம் கிடைத்துவிட்டது, நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும். வேகத்தில் பறக்கக்கூடிய காரில் ஏறி, தாம்பரம் தாண்டுவதற்குள் ஊர்கிற கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸ்களும் அதே வரிசையில்தான் கத்திக்கொண்டிருந்தன.

மணி மூன்றரை. இறங்கி நடந்தே முன்காரை எட்டிப் பிடித்து, கண்ணாடியைத் தட்டினார். உள்ளே ஒரு ஜவுளிக்கடைக்காரர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, உங்கள் அபராதத்தை நானே கட்டுகிறேன், வழி விடுங்கள் என்று கெஞ்சினார் ஞானதிரவியம்.

"எனக்கு நீங்க கட்டிருவீங்க சார். எனக்கு முன்னாடி போறவனுக்கு? அவனுக்கும் முன்னாடி போறவனுக்கு?"

ஞானதிரவியம் முன்னால் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அவர் கொடுத்த அவகாசம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"இன்னும் ஒரு மணி நேரம் குடுங்கம்மா. வந்துடறேன்."

"முடியாது சார். கிட்னி வீணாயிடும். அடுத்த பேஷண்ட் வந்து உக்காந்திருக்காங்க, அவங்களுக்குப் போட்டுருவோம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காரோடு நடந்தார். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"கொஞ்சம் டைம் குடுத்தா என்ன கொறஞ்சுடும்? நம்ம சுங்க வாரியத் தலைவர் மாதிரி நல்ல மனசு எல்லாருக்கும் வருமா சார்?"