காந்தா டைப் அடிக்க மறுத்த அத்தியாயம்

ஐப்பசி மழைக்கு நேரம் காலம் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், தனசேகரன் மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், பதினான்கு மெஷின்களும் படபடத்துக்கொண்டிருந்த சாயங்காலம்... மழைக்கு ஒதுங்க இடம் தேடிப் படியேறி ஓடி வந்தான் ஒருவன். உடம்பில் பனியன் மட்டும். சட்டையைக் கழற்றி ஒரு காகிதக் கட்டைச் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தான்.

பதினான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"சார், இங்க பொம்பளைப் பசங்க படிக்கிறாங்க. சட்டையப் போட்டுக்கினு பேசுங்க" என்றாள் காந்தா. தமிழ் டைப் சொல்லித் தருகிறவள் அவள்தான். வயசு இருபத்திரண்டு, கண்டிப்பு மட்டும் ஐம்பது வயசுக்கு உண்டு.

"போட்டுக்கறேன் டீச்சர்... மொதல்ல இந்தக் கட்ட வைக்க ஒரு காய்ஞ்ச இடம் குடுங்க."

"மனுசன் நனைஞ்சா பரவாயில்ல, காகிதம் நனையக்கூடாதா?"

"மனுசன் காய்ஞ்சிடுவான். இது காயாது. ரெண்டு வருசம் எழுதின நாவல்."

அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இமையில் மழைத்துளி. சிரிப்பதா கெஞ்சுவதா என்று முடிவு செய்யாத கண்கள்... காந்தாவுக்கு ஏனோ கோபம் வரவில்லை. கோபம் வரவில்லையே என்றுதான் கோபம் வந்தது.

பெயர் இளங்கோவன். தாமலில் உர டிப்போ குமாஸ்தா. சென்னைப் பதிப்பகம் ஒன்று அவன் நாவலைத் திருப்பி அனுப்பியிருந்தது, கூடவே ஒரு கடிதத்துடன். 'உங்கள் கையெழுத்தை அச்சுக் கோப்பவர்களால் படிக்க இயலவில்லை. தாளின் ஒரு பக்கம் மட்டும் டைப் செய்து, நவம்பர் முப்பதுக்குள் கொண்டுவந்தால் பொங்கலுக்கு வெளியிடுவோம். தவறினால் மன்னிக்கவும்.'

காந்தா கட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது தமிழா சார்?"

"எங்கம்மாவும் அதையேதான் கேட்டாங்க."

மறுநாளே வேலை ஆரம்பமானது. வகுப்பு முடிந்ததும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. அவன் எழுத்தை அவனைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பதால் அவன் வாசிக்க, அவள் அடிக்க வேண்டும். தனசேகரன் மாஸ்டர் வாசல் மேஜையில் பேப்பர் படித்தபடி காவல் இருந்தார்.

முதல் மூன்று நாள் தொல்லையில்லை. ஊர், ஏரி, மதகு, வாய்க்கால் தகராறு என்று கதை நகர்ந்தது. நான்காம் நாள் கதாநாயகி மல்லிகா வந்தாள். இளங்கோவன் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அவளுடைய கண்கள்..."

டக், டக், டக். "அவளுடைய கண்கள். அடிச்சாச்சு. அப்புறம்?"

உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியபோது எவ்வளவு சுலபமாக வந்த வரிகள். மை தீட்டிய இரண்டு கண்களை எதிரே வைத்துக்கொண்டு அதைச் சத்தம் போட்டுப் படிப்பது... மனுஷன் செய்கிற காரியமா?

"அவளுடைய கண்கள்... அவனை... என்னமோ செய்தன."

"பேப்பர்ல 'என்னமோ'ன்னா எழுதியிருக்கீங்க?"

"இல்ல டீச்சர். நாலு வரி எழுதியிருக்குது. எல்லாம் பொய். 'என்னமோ'ன்னே இருக்கட்டும்."

காந்தா குனிந்துகொண்டு ரிப்பனைச் சரிசெய்தாள். ரிப்பனுக்கு ஒரு கேடும் இல்லை. அவளுக்குத்தான் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது.

நாளாக ஆக அவளுக்கும் வாய் வந்தது.

"'நாதா'ன்னு எந்தப் பொண்ணு சார் கூப்பிடுவா? எங்க பிள்ளையார்பாளையத்துல யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா, புருசன் பயந்துபோய் டாக்டருகிட்ட இட்டுக்கினு போயிடுவான்."

"சரி, எப்படிக் கூப்பிடுவீங்க?"

"...'இந்தாங்க'ன்னு."

மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அவனைப் பார்க்கவில்லை. இளங்கோவன் அன்று 'நாதா' வந்த இடத்தையெல்லாம் தேடித் தேடிக் கோடு போட்டு அடித்தான். தனக்குத்தானே சிரித்துக்கொண்டே பஸ் ஏறியவன், தாமலில் இறங்க மறந்து அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தான்.

அந்த வாரம்தான் காந்தாவின் அப்பா முருகேசன், தறியில் உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

"ஆரணியில ஒரு எடம் வந்திருக்குது. பட்டுக்கடை வெச்சிருக்காங்க. தையில முடிச்சிடலாம்னு சொல்றாங்க. வேலைய மட்டும் இந்த மாசத்தோட வுட்டுடணுமாம். உனக்கு ஒண்ணும் இல்லியேம்மா?"

"இல்லப்பா" என்றாள். அப்பா எது கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்காகத்தான் காலையில் பார்த்துப் பார்த்துத் தலை வாருகிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வாய்தான் வரவில்லையே...

இருபத்து நான்காம் தேதி, கடைசி அத்தியாயம். மல்லிகாவுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிறது. இளங்கோவன் குரலைத் தாழ்த்தி உருக்கமாக வாசித்தான்.

"'எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல், மல்லிகா ஏரியில் இறங்கினாள்.'"

மெஷின் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தான். காந்தா இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள்.

"இத நான் அடிக்க மாட்டேன் சார்."

"சோக முடிவு டீச்சர். படிக்கிறவங்க அழுவாங்க."

"அவங்க அழறதுக்கு இவ எதுக்கு சாவணும்? வாயத் தொறந்து அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?"

"அவ அப்படிக் கேக்கற பொண்ணு இல்ல. அடக்கமானவ."

"இத்தினி நாளா அவ என் விரல் வழியாத்தான் பேசினா. எனக்குத் தெரியும். அவ கேட்டிருப்பா... நீங்க கேக்க வுடல."

இளங்கோவனுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் யோசித்து வைத்த முடிவாயிற்றே. எழுத்தாளன் என்ற வீம்பு தலைக்கேறியது.

"கதை என்னுது டீச்சர். அடிச்சுக் குடுக்கறதோட உங்க வேல முடிஞ்சுது."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் மெஷினுக்கு உறை போட்டாள். அடித்த தாள்களைத் தட்டி அடுக்கி, நாடா கட்டி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இருநூத்திப் பதினாறு பக்கம் இருக்குது. சரி பாத்துக்குங்க."

மறுநாள் கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் அப்பாதுரையிடம் போனான் இளங்கோவன். வக்கீல் நோட்டீஸ் அடித்தே வயசான மனுஷர். மின்னல் வேகம். 'மல்லிகா ஏரியில் இறங்கினாள்' என்று வாசித்ததும் தலை தூக்காமலேயே கேட்டார்.

"எந்தத் தேதிபா?"

இளங்கோவன் தாளை உருவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நான்கு நாள் டிப்போவில் வேலை ஓடவில்லை. மல்லிகா ஏரிக்கரைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குக் காந்தாவின் முகம் இருந்தது. மல்லிகாவைச் சாகடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. காந்தாவைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை... அதை அவளிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், மறுபடி அந்தப் படியேறினான். வாசல் மேஜையில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போய் பேசுப்பா. நாளையோட அந்தப் பொண்ணு வேலைய வுடுது. ஆரணியில மாப்பிள்ளையாம். ஞாயித்துக்கிழமை பூ வைக்க வர்றாங்களாம்."

இளங்கோவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் ஏன் அந்த வரியை அடிக்கவில்லை... மடையன், இப்போதா புரிய வேண்டும்?

கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள் காந்தா. ஜன்னலுக்கு வெளியே தூறல்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. முடிவு என்கிட்ட இல்ல டீச்சர். அவ என்ன கேட்டிருப்பான்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க... நான் எழுதிக்கறேன்."

"உங்க கையெழுத்துலயா?"

பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தாளைச் செருகினான். ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். காந்தா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"'மல்லிகா அவனிடம் கேட்டாள்.'"

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான்.

"'என்னை ஆரணியில கட்டிக் குடுக்கப் பாக்கறாங்க. எனக்கு இஷ்டம் இல்ல. நீங்க எங்க வீட்டுக்கு வந்து பேசுவீங்களா?'"

விரல் நின்றுவிட்டது.

"கதையில ஆரணி வரலியே..." என்றான் மெதுவாக.

"வரல."

இத்தனை நாளும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் அவனை நேராகப் பார்த்தன. பயமும் இருந்தது. பயத்தைத் தாண்டி வந்த ஒரு பிடிவாதமும் இருந்தது.

"காந்தா..." முதல்முறையாகப் பெயர் சொன்னான். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குது. சொல்ற தைரியந்தான் இல்லாம இருந்தேன். நாளைக்கு மெட்ராசுக்குப் போவல. காலையிலயே உங்க வீட்டுக்கு வர்றேன்."

"நாவல்?"

"போனா போவுது. வேற எழுதிக்கறேன்."

"எதுக்குப் போவணும்? காலையில ஆறு மணிக்கு வாங்க. கடைசி அத்தியாயத்த அடிச்சுத் தர்றேன். பத்து மணி பஸ்ல மெட்ராசு போலாம்." எழுந்து குடையை எடுத்தாள். "அப்பா தறிய வுட்டு எழுந்திருக்கிற நேரம். வீட்டுக்கு இப்பவே வாங்க."

"இப்பவா... திடீர்னு போய் நின்னா உங்கப்பா என்ன நெனைப்பாரு? யாருன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாரு. நேத்தே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

காந்தா படியருகே நின்று திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஆரணி வேணாம்பா, எனக்கு அவரப் பிடிச்சிருக்குதுன்னு."