நூலகப் படியில் விழுந்த இருவர்

நூலகத்தின் வாசற்படியில் அந்தப் பெரியவர் தடுமாறியதும், டீச்சர் ஓடிப்போய்ப் பிடித்ததும் ஒரே நொடியில் நடந்தன. பிடித்தது அவர் சட்டைக் காலரை... விழுந்தது இருவருமே!

கொட்டும் மழையில் உட்கார்ந்தபடியே அவர் கேட்டார். "ஏங்க... காப்பாத்த வந்தீங்களா, கூட விழ வந்தீங்களா?"

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்து மூன்று வயதில், வலிக்கும் மணிக்கட்டோடு டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெரியவரின் கண்கள்... மழை கழுவிவிட்டது போல என்ன ஒரு பளிச்! ஆனால் அவர் நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். சிதறிக் கிடந்த அவருடைய மாத்திரை அட்டைகளை டீச்சர் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். நூலகர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அவசரப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவில் பச்சைத் திரை. டீச்சர் கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே, திரைக்கு அப்பால் இளம் டாக்டரின் குரல் கேட்டது.

"எப்படி விழுந்தீங்க ஐயா? மயக்கம் வந்துச்சா, சறுக்குச்சா?"

"சறுக்கல்தாம்மா. ஈரப் படி."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்ல. முப்பது வருஷம் பஸ் ஓட்டின உடம்பு இது!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. என்ன புளுகு! எழுந்த வேகத்தில் அவர் கண் செருகி, கை தூணைத் தேடியதைப் பார்த்துத்தானே டீச்சர் ஓடினார்! நல்ல கையால் திரையை விலக்கினார்.

"பொய் சொல்றார் டாக்டர்! தலை சுத்தித்தான் விழுந்தார். இந்தாங்க மாத்திரை."

அவர் முகம் கறுத்துப் போயிற்று. "உங்களை யாருங்க கேட்டா? என் பையனுக்குத் தெரிஞ்சா, தனியா இருந்தது போதும்னு என்னை அவன் ஊருக்கு மூட்டை கட்டிருவான்..." என்றவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் அட்டைகளைப் பார்த்தாள். பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. "இந்த மாத்திரையோட தலையில அடின்னா, உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம் ஐயா. உடனே ஸ்கேன்!"

தள்ளுகட்டில் உருண்டு போனது. டீச்சரின் மகள் வந்து நின்றாள்.

"அம்மா, கட்டுப் போட்டாச்சே... கிளம்பலாமா?"

"இருடி... கொஞ்ச நேரம்."

"யாருக்கும்மா இருக்கோம்?"

டீச்சர் ஸ்கேன் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பேர்கூடத் தெரியாத மனுஷன்...

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்ததில்தான் குட்டு உடைந்தது. எழுந்து நின்றால் சட்டென்று இறங்குகிறது. பிரஷர் மாத்திரையின் அளவு கூடுதல். அவர் மகனிடம் போனில் அவளே பேசினாள். "ஊரை மாத்த வேண்டாம் சார்... மாத்திரையை மாத்தினாப் போதும். இன்னிக்கு மட்டும் இங்க இருக்கட்டும்."

மகள் காரை எடுக்கப் போனாள். திரை மெல்ல விலகியது.

"டீச்சர்... கோபமா?"

"கோவிச்சது நீங்கதான்."

"தப்புத்தான். நீங்க சொல்லலைன்னா..." அவர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு பொய்யும் இருக்கு. நான் நூலகத்துக்குப் படிக்க வரலைங்க. எட்டு மாசமா... ஜன்னலோரத்துல ஒருத்தங்க மூக்குக் கண்ணாடியைத் தலைமேல வச்சுக்கிட்டே தேடுவாங்க. அதைப் பார்க்க வர்றேன்."

டீச்சருக்குக் கன்னம் சூடாயிற்று. "எட்டு மாசமா ஏன் பேசலை?"

"இன்னிக்குப் பேசிடணும்னுதான் படியில உட்கார்ந்திருந்தேன். நீங்க வர்றதைப் பார்த்ததும் வேகமா எழுந்தேனா..."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்டிப்பான வகுப்பறைக் குரலில் சொன்னார்.

"இனிமே மெதுவா எழுந்திரிங்க... நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."